லயத்துப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும்

தோட்டக் காரியாலயத்தில் முப்பத்து நாலு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். 1969இல் சேர்ந்து 2003இல் ஓய்வு பெற்றேன். செக்ரோல் எழுதுவது, அரிசி மாவுக் கணக்குப் பார்ப்பது, சம்பளம் போடுவது என்று பல வேலைகள். அவற்றோடு இன்னொரு வேலையும் என் மேசைக்கு வரும். தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தாலும் யாராவது இறந்தாலும் துரையின் கையெழுத்தோடு பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் படிவங்களை நிரப்புவது என் பொறுப்பு. பிறப்புக்கு ஒரு புத்தகம், இறப்புக்கு ஒரு புத்தகம். ஒரே பிள்ளையை ஒரு மாதத்துக்குள் இரண்டு புத்தகத்திலும் எழுதிய நாட்கள் பல. பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட பிள்ளைகளுக்கு ஆண் சிசு, பெண் சிசு என்றுதான் எழுதுவோம்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் இருந்தது. தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். கிராமத்து ஆட்களும் பணக்காரர் அல்லர். அரை ஏக்கர் மேட்டு நிலம், கொஞ்சம் வயல், பலா மரம், கித்துல் மரம், அவ்வளவுதான். மழையும் குளிரும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. ஆனாலும் அங்கே பிறக்கும் பிள்ளை பிழைப்பதும், இங்கே பிறக்கும் பிள்ளை போவதும் வழக்கமாகிவிட்டிருந்தது. இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ரத்தம் அப்படி என்பார் ஒருவர். குளிர் என்பார் இன்னொருவர். அவர்கள் சிங்களவர், நாம் தமிழர், அதுதான் வித்தியாசம் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர்.

மொழிதான் காரணமா? ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி வாசித்ததையும் வேலையில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் காலத்து ஆட்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். தெரிந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது.

முதலில் பழைய கதை. கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆண்களாகவே வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். தேயிலை கோப்பி மாதிரி இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து வரும். கொழுந்து எடுப்பதற்குப் பெண்களை வைத்தார்கள். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில் குடியேறினார்கள். மலையகத்தில் பிள்ளைப்பேறு என்பது பெரிய அளவில் தொடங்கியது அங்கேதான். தாய் கொழுந்துக்காரியாகவும் இருந்தாள், அடுத்த தலைமுறைக் கொழுந்துக்காரியைப் பெறுபவளாகவும் இருந்தாள்.

லயக் காம்பரா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. உள்ளேயே அடுப்பு, புகை போக வழியில்லை. அந்த ஓர் அறையில்தான் சமையல், படுக்கை, நோய், பிரசவம், சாவு எல்லாம் நடந்தன.

வெள்ளைக்கார அரசாங்கம் நம் ஆட்களின் உடல்நிலையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1872இலேயே தோட்டப் பகுதி மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். அதே ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி இன்னொரு சட்டமும் போட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும் என்று துரைமார் மேல் கடமை விதிக்கப்பட்டது. 1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. கடதாசியில் பார்த்தால் கிராமத்துப் பெண்ணுக்கு இல்லாத சலுகை தோட்டத்துப் பெண்ணுக்கு இருந்தது.

ஆனால் இந்தச் சட்டங்களில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தோட்டத்துக்காரனின் உடம்பு துரையின் பொறுப்பு, நாட்டின் பொறுப்பு அல்ல என்பதே அது. மாடு வைத்திருப்பவன் மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. நல்ல துரை இருந்தால் நல்ல டிஸ்பென்சரி இருக்கும். விலை விழுந்தால் டிஸ்பென்சரியில் மருந்து இருக்காது. கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த ஏற்பாடு நூறு வருடம் நீடித்தது. பின்னால் நடந்தவை எல்லாம் இதிலிருந்து முளைத்தவைதான் என்பது என் எண்ணம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பகுதியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் உதவியது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளி வருவதற்குக் காத்திருக்காமல், வீடு வீடாகப் போவது அந்தத் திட்டத்தின் அடிப்படை. பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருத்தி தன் பகுதியில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று தேடிப்போய்ப் பெயர் எழுதுவாள். மாதாமாதம் பார்ப்பாள். பிரசவத்துக்கு வருவாள், பிறகு பிள்ளையைப் பார்க்கவும் வருவாள். இந்த முறை மெல்ல மெல்ல நாடு முழுக்கப் பரவியது. குடையைப் பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமத்து ஒற்றையடிப் பாதையில் நடந்த அந்தப் பெண்கள்தான் இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராமத்துப் பிள்ளையின் நிலை எல்லாக் காலத்திலும் மேலாக இருக்கவில்லை. 1934–35இல் மலேரியாக் கொள்ளை நோய் வந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்துச் சிங்களக் கிராமங்கள்தான் அதிகம் அழிந்தன. எண்பதாயிரம் பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள். என். எம். பெரேராவும் அவருடைய தோழர்களும் அரிசியும் மருந்தும் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குப் போன கதையைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். 1935இல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பிள்ளைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. காய்ச்சல்காரத் தாய்க்குக் கருச்சிதைவும் நிறை குறைந்த பிள்ளையும் சாதாரணம். உயர்ந்த மலைத் தோட்டங்களில் அந்தக் கொசு பெருகாததால் அந்த வருடத்தில் நம் மலைப் பிள்ளைகள் பலர் தப்பினார்கள். ரத்தத்தில் இருந்தது வித்தியாசம் என்றால் 1935இல் இப்படி நடந்திருக்காது. கொசு இருந்த இடத்தில் பிள்ளை செத்தது, இல்லாத இடத்தில் பிழைத்தது. தாய் பேசிய பாஷையைக் கொசு கேட்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள். நாட்டின் சிசு மரணம் 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்தது, ஒரே வருடத்தில் 101 ஆக இறங்கியது. 1953இல் 71, 1960இல் 57. ஏழை நாடு ஒன்று இவ்வளவு வேகமாக இறங்கியதை உலகமே வியந்து பார்த்தது. அந்த வேகம் ஓடையைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. தோட்டத்திலும் எண்ணிக்கை இறங்கியதுதான், ஆனால் நத்தை வேகத்தில்.

ஏன் வரவில்லை? இதற்கு விடை சுகாதாரப் புத்தகத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். வாக்கும் போனது. வாக்கு இல்லாதவன் வீட்டுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் ஏன் வருவார்? கிராமத்துக்காரன் போய், எங்களுக்கு ஒரு கிளினிக் வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஒரு ரோட்டு வேண்டும் என்று கேட்டால், அடுத்த தேர்தலை நினைத்தாவது செய்து கொடுப்பார். தோட்டத்துக்காரன் கேட்டால், உங்கள் துரையைக் கேள் என்பார். துரை கேட்டால், கம்பனி பணம் தரவில்லை என்பார். கம்பனி லண்டனிலோ கொழும்பிலோ இருந்தது.

அரசாங்க மருத்துவமாது ஓடைவரை வந்து நின்றுவிடுவாள். அதற்கு மேல் அவளுடைய பகுதி இல்லை. லயத்தில் பிரசவம் பார்த்தது நம் ஆத்தாமார்தான். கைராசிக்காரிகள், துணிச்சல்காரிகள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் தொப்புள் கொடி அறுக்கும் கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்து ஏழாம் நாள், எட்டாம் நாள் பிள்ளை பால் குடிக்க மறுக்கும், தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். பேய் அடித்தது என்பார்கள். அது ஏற்புவலி, டெட்டனஸ். ஒரு ஊசியிலும் ஒரு சுத்தமான கத்தியிலும் நின்றிருக்க வேண்டிய சாவு.

இது மொழிப் பிரச்சினை அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சி யாழ்ப்பாணம். அங்கே பேசியதும் தமிழ்தான். ஆனால் அங்கே அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 1848இலேயே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். இணுவிலில் பெண்களுக்கென்றே மிஷன் ஆஸ்பத்திரி வந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வீடு சொந்தம், கிணறு சொந்தம், வாக்கு சொந்தம். 1970களில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சிசு மரணம் நாட்டுச் சராசரியை விடக் குறைவாக இருந்தது. நுவரெலியா மாவட்டம் அதே காலத்தில் பட்டியலின் கடைசியில் கிடந்தது. இரண்டு இடத்திலும் தாய் தாலாட்டுப் பாடியது ஒரே மொழியில்தான். யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் தோட்டத்துத் தாய்க்கும் நடுவில் இருந்த தூரம், சிங்களத் தாய்க்கும் தோட்டத்துத் தாய்க்கும் நடுவில் இருந்ததைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இனி 1973, 74. அந்த இரண்டு வருடத்தையும் தோட்டத்தில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் அரிசி, மா விலையும் ஏறின. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி குறைந்தது, மா கிடைப்பதே அரிதானது. கிராமத்திலும் பசிதான். ஆனால் அவர்களுக்குப் பலாக்காய் இருந்தது, மரவள்ளி இருந்தது, வாழைக் குலை இருந்தது. தோட்டத்தில் மண்ணெல்லாம் தேயிலை. மரவள்ளி நடுவதற்கு ஒரு முழம் நிலம் கேட்டாலும் துரையின் அனுமதி வேண்டும். தேயிலை இலையைத் தின்ன முடியுமா? நம் ஆட்கள் குழந்தை குட்டிகளோடு ஹட்டன் டவுனுக்கும் கண்டிக்கும் போய் நடைபாதையில் உட்கார்ந்து கையேந்தினார்கள். மானத்தோடு உழைத்தவர்கள்.

அந்த வருடங்களில் என் மேசையில் இறப்புப் புத்தகம் பிறப்புப் புத்தகத்தை விடச் சீக்கிரம் நிரம்பியது. கிழவன் கிழவிகளும் கைப்பிள்ளைகளும்தான் அதிகம். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்குத் தேத்தண்ணீர்ச் சாயத்தில் சீனி போட்டுத் துணியில் நனைத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வெளிவந்த கணக்குகளைப் பார்த்தால், 1974இல் நாடு முழுவதற்குமான சிசு மரணம் ஆயிரத்துக்கு 51. தோட்டப் பகுதியில் அது நூறுக்கு மேல். ஒரே பஞ்சம், ஒரே தீவு, ஆனால் தோட்டத்தில் இரண்டு மடங்கு. நிலம் இருந்தவன் மெலிந்தான், நிலம் இல்லாதவன் புதைத்தான். தொழிலாளியின் சம்பளத்தில் வாழ்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமை ஆயின. ஆரம்பத்தில் குழப்பம்தான் மிஞ்சியது. ஆனால் 1970களின் கடைசியிலிருந்து மெல்ல நிலைமை மாறியது. தோட்டத்துச் சுகாதாரத்தை அரசாங்கம் கண்ணெடுத்துப் பார்க்கத் தொடங்கியது. வெளிநாட்டு உதவியும் வந்தது. மருத்துவமாதுக்கள் தோட்டத்துக்கு நியமிக்கப்பட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலி ஊசி போட்டார்கள். பழைய பிள்ளைக் காம்பராக்களைத் திருத்திக் கட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பால் மாவும் திரிபோஷாவும் வந்தன. பிரசவத்துக்கு லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கமானது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றானது. அதற்கு முன் நூறு வருடமாக, கூடை நிறையச் சுமந்தவளுக்குக் குறைந்த சம்பளம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் சமமானதும் அது அவள் கைக்கு வந்துவிடவில்லை. பல வீடுகளில் மனைவியின் சம்பளத்தையும் புருஷன்தான் வந்து வாங்குவான். பிரசவ சகாயப் பணத்தையும் அப்படித்தான். சம்பள நாளன்று சாயங்காலம் அதில் ஒரு பகுதி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். துரையை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

பிள்ளைகள் சாவது குறைந்தது. என் கடைசி வருடங்களில் இறப்புப் புத்தகத்தில் சிசு என்ற சொல்லை எழுதுவது அபூர்வமாகிவிட்டது. இன்று தோட்டத்திலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அந்த வகையில் ஓடையின் இரண்டு கரையும் நெருங்கிவிட்டன. இதைச் செய்து முடித்த எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

நெருங்காமல் இருப்பது ஒன்று உண்டு. அது பிள்ளையின் நிறை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது நிறை குறைந்த பிள்ளை. 2006–07இல் நாடு தழுவி எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்படி இருந்தது. கிராமத்திலும் நகரத்திலும் அதில் பாதியளவுதான். 2016இல் எடுத்த ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். ஊசியும் லொறியும் பிள்ளையைச் சாவிலிருந்து காப்பாற்றிவிட்டன. உயரமும் நிறையும் கொடுப்பதற்கு ஊசி இல்லை.

இதற்குக் காரணம் ஒரு தலைமுறையில் இல்லை. சின்னதாகப் பிறந்த பெண்பிள்ளை, ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துக் குள்ளமாக வளர்கிறாள். இரத்தம் குறைவு. இருபது வயதில் கல்யாணம், அடுத்த வருடம் பிள்ளை. ஏழாம் மாதத்திலும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவு ஏறுகிறாள். வீட்டுக்கு வந்தால் அடுப்புப் புகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறாள். அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு எங்கிருந்து நிறை வரும்? அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. 1974இல் கைப்பிள்ளையாக இருந்து தப்பிய பெண்ணுடைய பேத்தி இன்று தராசில் ஏறும்போது, அந்தப் பஞ்சமும் சேர்ந்துதான் ஏறுகிறது.

இங்கேதான் மொழி வருகிறது. முதல் காரணமாக இல்லை, கடைசிக் கதவாக. மருத்துவமாது வேலைக்குப் படிப்புத் தகுதி வேண்டும். தோட்டத்துப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதுவரை பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. ஆகவே அந்த வேலைக்குப் போக நம் பெண்பிள்ளைகள் இருக்கவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள். அவர்கள் மேல் தவறில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது ஒன்று. எட்டாம் நம்பர் லயத்துப் பெண் ஒருத்திக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கிளினிக்கில் அவளிடம் சிங்களத்தில், தலையிடி வந்தால், கண் மங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கார்டிலும் எழுதியிருந்தது, சிங்களத்தில். அவளுக்குத் தெரிந்தது இரண்டு சிங்களச் சொல். "ஹரி நோனா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் தலையிடி வந்தது. துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். இரவு வலிப்பு வந்தது. லொறியில் ஏற்றி அனுப்பினோம். அவள் பிழைத்தாள், பிள்ளை செத்துப் பிறந்தது. மறுநாள் அவளுடைய புருஷன் அந்தக் கார்டை என் மேசையில் வைத்து, "இதுல என்னா எழுதியிருக்குங்கையா?" என்று கேட்டான். எனக்கு ஓரளவு சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். "அப்ப சொல்லித்தான் இருக்காங்க" என்றான். கார்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி தொண்ணூறுகளில் எங்கள் பகுதிக்கு மருத்துவமாதுவாக வந்தாள். முதல் ஆறு மாதம் லயத்துப் பெண்களோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து தமிழ் கேட்டே பொழுதைக் கழித்தாள். "முழுகாம இருக்கியா?" என்று அவள் கேட்கும் விதத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பதில் சொல்வார்கள். மாமியாருக்குப் பயந்து, புருஷனுக்குப் பயந்து மறைத்து வைத்ததையெல்லாம் அவளிடம் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும் வரை அவள் அங்கேதான் இருந்தாள். மிஸ்ஸி சொன்னால் மாமியாரும் கேட்பாள். இரத்தம் ஏற இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். அதை ஏன் விழுங்க வேண்டும், சாயத்தண்ணியோடு ஏன் விழுங்கக் கூடாது என்று அவள் புரியும்படி சொன்னதால் அது குப்பைக்குப் போகாமல் வயிற்றுக்குப் போனது.

1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1988லும் 2003லும் வந்த சட்டங்களால் நாடற்றவர் என்ற பெயரும் நீங்கியது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. எழுதியது கையில் கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் பல லயங்களுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். விலாசம் இல்லாத வீட்டில் ஒரு முருங்கை நடுவதற்குக்கூட அடுத்தவன் சம்மதம் வேண்டும்.

மொழிவாரியாகக் கணக்கெடுத்து, இந்த இனத்தின் பிள்ளைகள் இவ்வளவு நிறை, அந்த இனத்தின் பிள்ளைகள் இவ்வளவு நிறை என்று அட்டவணை போட்டால், பார்ப்பவர் இனத்தைத்தான் காரணமாக நினைப்பார். அட்டவணையில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: தாயின் வீட்டு நிலம் யாருடையது? அந்த வரியைச் சேர்த்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். மீதிக் கதைக்கு இன்னொரு வரி: அவளுடைய கார்டு அவளுக்குப் புரிகிற மொழியில் இருந்ததா?

ஆகவே பேரப்பிள்ளைகள் யாராவது மருத்துவமாது வேலைக்கோ தாதி வேலைக்கோ விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், தயங்காமல் போகச் சொல்லுங்கள். வீட்டில் முழுகாமல் இருக்கும் மருமகள் இருந்தால் முதல் சோற்றை அவளுக்குப் போடச் சொல்லுங்கள். காணி உறுதி தருகிறோம் என்று யாராவது வாக்குக் கேட்டு வந்தால், எப்போது, எந்த லயத்துக்கு, எத்தனை பேர்ச் என்று கேளுங்கள். பழைய தோட்டங்களில் பிறப்பு இறப்புப் புத்தகங்கள் இன்னும் எங்காவது ஒரு அலுமாரியில் கிடந்தால் அவற்றைக் கறையானுக்குக் கொடுத்துவிட வேண்டாம். பெயர் வைக்காமல் போன அந்தப் பிள்ளைகள் இருந்ததற்கு அவற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை.